சிறு குடும்பக் காரின் எஞ்சின் திறன்

நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், ஐந்து பேர் அமரும் இடமும் கொண்ட காரைச் சிறு குடும்பக் கார் என்கிறோம். இந்தியாவில் விற்கப்படும் இத்தகைய கார்களின் பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் 800 முதல் 1,200 சி.சி. வரை கொள்ளளவு உடையது. அது தரும் திறன் ஏறக்குறைய 50 முதல் 90 குதிரைத்திறன் வரை இருக்கும். முதன்முறையாகக் கார் வாங்கும் குடும்பங்கள் விலைக்கும் மைலேஜுக்கும் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி, "ஐந்து பேர் ஏறினால் வண்டி இழுக்குமா?" என்பதுதான். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. இங்கே சிறிய காருக்கு முன்னும் பின்னும் போவது துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள். நடுவில் சிக்கிய காரால் உடனே வேகமெடுக்க முடியுமா என்பது வசதி சார்ந்த கேள்வி மட்டும் அல்ல, உயிர் சார்ந்த கேள்வியும்கூட.

இதற்கான விடையை ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இயற்பியலை வைத்தே பெரும்பாலும் கண்டுவிடலாம். விசை, வேலை, ஆற்றல், திறன் ஆகிய நான்கு சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

எண்ணூரில் உருவான 40 குதிரைத்திறன் கார்

சென்னையில் கார் என்றதும் இன்று நினைவுக்கு வருவது திருப்பெரும்புதூரும் ஒரகடமும். அவற்றுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வட சென்னையில் கார்கள் பூட்டப்பட்டன என்பது மாணவர்கள் பலருக்குத் தெரியாது. ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணூரில் அமைந்த அதன் தொழிற்சாலையில் 1949இல் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்பட்டன. பின்னர் லேலண்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தமாகி, காமெட் லாரிகள் அங்கிருந்து வரத் தொடங்கின. 1955இல் பெயர் அசோக் லேலண்ட் என மாறியது. அதன்பின் எண்ணூர் என்றால் லாரி, பேருந்து என்றே ஆகிவிட்டது.

ஏ-40 என்ற பெயரில் உள்ள 40, அந்தக் காரின் எஞ்சின் திறனைக் குறிப்பது. 1,200 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அந்த எஞ்சின், நிமிடத்துக்கு 4,300 சுற்றுகளில் சுமார் 40 குதிரைத்திறன் தந்தது. காரின் எடை ஒரு டன்னுக்குச் சற்றே குறைவு. ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தை எட்ட அதற்கு 30 நொடிக்கும் அதிகமாகத் தேவைப்பட்டது. இன்றைய ஒரு லிட்டர் சிறு கார் இதே வேகத்தைப் பதினைந்து நொடிக்குள் எட்டிவிடுகிறது. ஆனாலும் அக்காலத்தில் ஏ-40 திறனற்ற கார் என்று கருதப்படவில்லை. குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் வணிகருக்கும் ஏற்ற கார் என்றுதான் விற்றது. அதே எஞ்சினின் வடிவமைப்பை விரித்து உருவாக்கியதுதான் பின்னாளில் அம்பாசடர் காரில் வந்த 1,489 சி.சி. எஞ்சின். இந்தியக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் இந்த எஞ்சின் வழியில்தான் பயணம் செய்தன.

எனவே திறன் "போதும்" என்பது நிலையான ஓர் எண் அல்ல. சாலையும், சாலையில் உடன் செல்லும் வண்டிகளின் வேகமும் மாறும்போது அதுவும் மாறுகிறது.

எடைக்கு ஏற்ற திறன்

ஒரு காரை மற்றொன்றுடன் ஒப்பிட, குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது தவறு. அதை எடையால் வகுக்க வேண்டும். ஏ-40 காருக்கு ஒரு டன்னுக்கு 40க்குச் சற்று மேல் கிடைக்கிறது. அம்பாசடர் 50 குதிரைத்திறன் அளவு தந்தாலும் எடை 1,100 கிலோவைத் தாண்டியதால், டன்னுக்கு 45 அளவிலேயே நின்றது. பிரீமியர் பத்மினியும் ஏறக்குறைய அப்படியே. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்தக் கணக்கை மாற்றியது. அதன் 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின் 40 குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை. ஆனால் கார் சுமார் 650 கிலோதான். ஆகவே டன்னுக்கு 60 கிடைத்தது. எண்ணூரின் ஆஸ்டினும் மாருதி 800உம் ஏறக்குறைய ஒரே குதிரைத்திறன் உடையவை. ஆனால் ஒன்று மெல்ல நகர்ந்தது, மற்றொன்று துள்ளி ஓடியது. ஜப்பானில் 660 சி.சி.க்கு மிகாத எஞ்சினுடனும், 64 குதிரைத்திறன் என்ற வரம்புடனும் ஓடும் கேய் வகைக் கார்கள் நல்ல பெயர் எடுத்திருப்பதற்கும் எடைக்குறைவே முதற்காரணம்.

இதில் சிறு காருக்கே உரிய ஒரு பலவீனமும் இருக்கிறது. சராசரியாக 65 கிலோ என்று கொண்டால் ஐந்து பேரின் எடை 325 கிலோ. அம்பாசடரில் இது வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாருதி 800இல் சரிபாதி. ஆகவே தனியாக ஓட்டும்போது சுறுசுறுப்பாக இருந்த சின்னக் கார், குடும்பத்தோடு கிளம்பும் நாளில் வேறு வண்டி போலத் தோன்றும். விற்பனையகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது நாமும் விற்பனையாளரும் மட்டும் அமர்ந்திருப்போம். அந்த ஓட்டம் இந்த வேறுபாட்டைக் காட்டாது. வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் மறுப்பவர் அரிது.

திருவொற்றியூரில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட்டை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 346 சி.சி. எஞ்சின், 18 குதிரைத்திறன், வண்டி 165 கிலோ அளவு. இருவர் ஏறினால் மொத்தம் 295 கிலோ, டன்னுக்கு 61. ஐந்து பேரும் சிறிது சாமானும் ஏறிய இன்றைய 67 குதிரைத்திறன் கார் 1,200 கிலோ ஆகிறது என்று கொள்வோம். டன்னுக்கு 56. இருவர் ஏறிய பழைய புல்லட்டுக்கு அது மிகவும் பின்தங்கியது அல்ல. மறுபுறம், 40 டன் எடையோடு 200 குதிரைத்திறனில் நகரும் கண்டெய்னர் டிரெய்லருக்கு டன்னுக்கு 5தான். மேம்பாலத்தில் அது ஏன் ஊர்கிறது என்பதற்கு ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேம்பாலக் கணக்கு

அந்த 1,200 கிலோ கார் சமதளத்தில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். சக்கரங்களின் உருளல் தடை சுமார் 140 நியூட்டன். காற்றின் தடை சுமார் 80 நியூட்டன். மொத்தம் 220 நியூட்டன். வேகம் நொடிக்கு 13.9 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 3 கிலோவாட். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ முக்கால் கிலோவாட் என்பதால், இது 4 குதிரைத்திறன் மட்டுமே! 67 குதிரைத்திறன் கார் தன் திறனில் பதினாறில் ஒரு பங்கைக்கூட முழுதாகப் பயன்படுத்தவில்லை.

இப்போது முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேம்பாலத்தில் அதே வேகத்தில் ஏறட்டும். எடையின் ஒரு கூறு, சுமார் 390 நியூட்டன், பின்னோக்கி இழுக்கிறது. அதை வெல்ல மேலும் ஏழரைக் குதிரைத்திறன் வேண்டும். கியர் பெட்டியில் வீணாவது ஒன்று. சென்னையில் ஏசி இல்லாமல் யாரும் கார் ஓட்டுவதில்லை என்பதால் அதற்கு மூன்றரை. கூட்டினால் 16.

நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் என்ன ஆகும்? காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். அப்போதும் சமதளத்தில் சக்கரங்களுக்குத் தேவைப்படுவது 17, 18 குதிரைத்திறன்தான். 120 கி.மீ. வேகத்தில் 27 ஆகிறது. எனவே சீராக ஓடுவதற்கு மட்டும் என்றால் 40 குதிரைத்திறன் தாராளம். ஆஸ்டின் ஏன் போதுமானதாக இருந்தது என்பது இங்கே விளங்குகிறது.

அப்படியானால் "வண்டி இழுக்கவில்லை" என்ற புகார் எங்கிருந்து வருகிறது?

அட்டையில் உள்ள எண்ணும் காலடியில் உள்ள எண்ணும்

விளம்பரத்தில் சொல்லும் குதிரைத்திறன் எப்போதும் கிடைப்பதில்லை. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் ஓடும்போது மட்டுமே அது கிடைக்கும். மாருதியின் ஆல்டோ கே-10, வேகன்-ஆர் கார்களில் உள்ள 998 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் 67 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 5,500 சுற்றுகளில் கிடைப்பது. அதன் உச்ச முறுக்குவிசையான 89 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 3,500 சுற்றுகளில். திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. கணக்கிட்டுப் பாருங்கள்: 3,500 சுற்றுகளில் இந்த எஞ்சினிடம் இருப்பது 44 குதிரைத்திறன். 1,500 சுற்றுகளில், முறுக்குவிசை 75 என்று கொண்டாலும், 16 மட்டுமே.

இந்தப் பதினாறை மேலே மேம்பாலக் கணக்கில் வந்த பதினாறுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாம் கியரில் 50 கி.மீ. வேகத்தில் செல்லும்போது எஞ்சின் சுமார் 1,500 சுற்றுகளில்தான் ஓடுகிறது. ஐந்து பேருடன், ஏசியுடன், அதே கியரில் மேம்பாலம் ஏறினால் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை. முடுக்கியை எவ்வளவு அழுத்தினாலும் கார் முனகும், அதிரும், வேகம் குறையும். ஓட்டுபவர் "எஞ்சின் சின்னது, அதான்" என்பார். மூன்றாம் கியருக்கு இறக்கினால் அதே வேகத்தில் எஞ்சின் 2,700 சுற்றுகளுக்குப் போகும். கிடைக்கும் திறன் 33ஐத் தொடும். கார் மாறவில்லை, எஞ்சின் மாறவில்லை. ஒரு கை அசைவில் திறன் இரட்டிப்பாகிவிட்டது.

நம் ஊரில் மைலேஜ் கருதி விரைவாக மேல் கியருக்குப் போகும் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர்களிடம் இது இன்னும் அதிகம். டீசல் எஞ்சின் தாழ்ந்த சுழற்சியிலேயே நல்ல முறுக்குவிசை தருவதால் அங்கே அது செல்லும். சிறிய பெட்ரோல் எஞ்சினிடம் அது செல்லாது. எஞ்சின் சத்தம் கூடினால் பழுதாகிவிடும் என்ற அச்சம் வீண். 3,500, 4,000 சுற்றுகள் அதற்கு இயல்பான வேலை.

பேச்சுவழக்கில் "பிக்கப்" என்று நாம் சொல்வது திறனையும் முறுக்குவிசையையும் கியர் விகிதத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்த சொல். விற்பனையாளர்களுக்கு அது மிகவும் வசதியான சொல்லும்கூட.

முந்துதல்

திறன் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான். எண்ணூர் விரைவுச் சாலை போன்ற தடுப்புள்ள சாலைகளில் முந்துவது அவ்வளவு ஆபத்தானது அல்ல. பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு செல்வது போன்ற இருவழிச் சாலைகளில் எதிரே வண்டி வரும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் 16 மீட்டர் நீள லாரியை நம் கார் முந்துகிறது. லாரிக்குப் பின்னால் 15 மீட்டர் இடைவெளி. முந்தியபின் முன்னாலும் 15 மீட்டர் விட்டுத்தான் உள்ளே வர வேண்டும். காரின் நீளத்தையும் சேர்த்தால், லாரியைவிட 50 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். நான்காம் கியரிலேயே முந்த முயன்றால், நிறைந்த காருக்கு நொடிக்கு 0.7 மீட்டர் என்ற அளவில் முடுக்கம் கிடைக்கலாம். அப்படியானால் ஏறக்குறைய 12 நொடி ஆகும். அந்த நேரத்தில் நம் கார் 183 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 60 கி.மீ. வேகத்தில் வருபவர் 199 மீட்டர் வந்திருப்பார். ஆக, தொடங்கும்போது 380 மீட்டருக்கு மேல் சாலை காலியாக இருந்திருக்க வேண்டும். மூன்றாம் கியருக்கு இறக்கி 1.1 அளவு முடுக்கம் பெற்றால் ஒன்பதரை நொடியில் முடிந்துவிடும், 315 மீட்டர் போதும். வேறுபாடு 65 மீட்டர். லாரி நீளத்தில் நான்கு லாரி.

பெரிய எஞ்சின் இருந்தால் இந்த 315 இன்னும் குறையும், உண்மைதான். ஆனால் 250 மீட்டர்தான் காலியாக இருக்கிறது என்றால் எந்தச் சிறு காரும் முந்தக் கூடாது. கூடுதலாக 20 குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் பணத்தில் பக்கவாட்டுக் காற்றுப்பைகளோ நல்ல டயர்களோ கிடைக்குமானால், அவற்றுக்கே என் ஓட்டு. 1,200 கிலோவை முடுக்கும் எஞ்சினைப் பற்றிப் பேசும் நாம், அதே 1,200 கிலோவை நிறுத்தும் பிரேக்கைப் பற்றிக் கேட்பதே இல்லை.

திருமலையும் உதகையும்

வட சென்னைக் குடும்பம் புதுக் கார் வாங்கினால் முதல் நீண்ட பயணம் பெரும்பாலும் திருப்பதிதான். செங்குன்றம், ஊத்துக்கோட்டை, புத்தூர் வழியாகப் போய் மலையேற வேண்டும். உயரம் சுமார் 700 மீட்டர், மலைப்பாதை ஏறத்தாழ 18 கி.மீ. என்று கொண்டால், 30 கி.மீ. வேகத்தில் ஏறப் புவியீர்ப்புக்கு எதிராகத் தேவைப்படுவது சராசரியாக ஐந்து குதிரைத்திறனுக்குச் சற்று மேல். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற செங்குத்தான இடத்திலும் 11தான். பழைய கார்கள் மலைப்பாதையில் பானெட்டைத் திறந்து ஆவி விட்டபடி நின்றதற்குத் திறன் குறைவு காரணம் அல்ல, குளிர்விப்புக் குறைவே. மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்குள் புகும் காற்று குறைவு, எஞ்சின் வெப்பமோ அதிகம். இன்றைய கார்களில் மின்விசிறியும் அடைக்கப்பட்ட குளிர்விப்பு அமைப்பும் இருப்பதால் இக்காட்சி அரிதாகிவிட்டது.

உதகை வேறு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்து விழுக்காடு திறனை இழக்கும், காற்று மெலிவதால். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகையில் 67 குதிரைத்திறன் 53 அளவுக்கு இறங்கிவிடும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஐந்து பேரோடு முதல் கியரைவிட்டு வெளியே வரவே தயங்கும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு அதற்குக் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போகிறவருக்கு இது காரணமாகாது. கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ உறவினர் இருந்து மாதம் ஒருமுறை போகிறவருக்கு ஆகும்.

1,197 என்ற எண்

கடைகளில் பல கார்களின் எஞ்சின் 1,197 அல்லது 1,199 சி.சி. என்றே இருப்பதைப் பார்க்கலாம். இதற்குப் பொறியியல் காரணம் தேட வேண்டாம், இது வரி. 2006 நிதிநிலை அறிக்கையில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. சரக்கு, சேவை வரி வந்தபின்னும் இந்த எல்லை நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கான அவ்வரி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. நிறுவனங்கள் கோட்டைத் தொட்டுவிடாமல் அதன் ஓரத்தில் நிற்கின்றன.

எரிவாயு, மின்சாரம்

எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் 2019 முதல் திரவ இயற்கை எரிவாயு வந்திறங்குகிறது. சி.என்.ஜி. கார்களும் நகரில் பெருகிவருகின்றன. இவற்றில் செலவு குறைவு, திறனும் குறைவு. மேலே சொன்ன 998 சி.சி. எஞ்சின் எரிவாயுவில் 57 குதிரைத்திறனே தருகிறது. உருளையின் எடை வேறு கூடுகிறது, டிக்கியில் இடமும் போகிறது. ஐந்து பேர் அடிக்கடி செல்லும் குடும்பம் சி.என்.ஜி. வாங்குவதானால் 1,200 சி.சி. எஞ்சினைப் பார்ப்பது நல்லது.

மின்கார்களில் நிலைமை தலைகீழ். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை தரும். எம்.ஜி. காமெட் மின்காரின் திறன் 42 குதிரைத்திறன்தான், எண்ணூர் ஆஸ்டினைவிட இரண்டே கூடுதல். ஆனால் முறுக்குவிசை 110 நியூட்டன் மீட்டர், அதுவும் கியர் மாற்றாமல். நகர நெரிசலில் அது பல பெட்ரோல் கார்களுக்கு முன்னால் நிற்கும். நெடுஞ்சாலையில் 90ஐத் தாண்டும்போது 42இன் எல்லை தெரியத் தொடங்கும்.

பழைய கார் வாங்குவோருக்கு

இப்பகுதியில் முதல் காராகப் பயன்படுத்திய காரை வாங்குவோரே மிகுதி. அவர்கள் குறிப்பேட்டில் உள்ள குதிரைத்திறனை நம்பிப் பயனில்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்த எஞ்சின், பழைய திறனைத் தராது. மூன்றாம் கியரில் முடுக்கியை முழுதும் அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. லாரி வரிசைக்குள் அரை கிளட்சில் ஊர்ந்தே பழகிய வண்டிகளில் இது சாதாரணம். எண்ணூர், அத்திப்பட்டு, மணலி பக்கம் ஓடிய கார் என்றால் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நிலக்கரித் தூசும் சாம்பலும் படிந்து கறுத்திருந்தால், முழு வேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். சில நூறு ரூபாய் வடிகட்டியை மாற்றியபின் மீண்டும் ஒருமுறை, எல்லோரும் ஏறிக்கொண்டு, ஏசி போட்டு, ஒரு மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏற்றிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.